அறைக்குள் ஆண் குரல்

இரண்டு வருடமாக மகளின் அறைக்குள் கேட்கும் ஆண் குரலைப் பற்றி இன்றைக்குக் கேட்டே விடுவது என்று விமலராணி முடிவெடுத்தாள். இத்தாலிய எசமானி சிஞ்ஞோராவின் வீட்டு வேலை முடிந்து வந்தவள், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதவைத் தள்ளினாள்.

“ஆரடி அவன்? பேர் என்ன, ஊர் என்ன?”

அனிற்றா போனை நிறுத்தினாள். “ஸ்தோயான் அம்மா. பல்கேரியா.”

“போன வருசம் படிப்பெண்டு அங்கை ஓடினது இவனைப் பாக்கவோ?”

“அவற்ர ஊரைப் பாக்க.”

“எங்கட கத்தோலிக்க வேதமோ?”

“ஓம், வேதந்தான். கோயில்லையும் பாடினவர்.”

விமலராணிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. “அப்ப ஞாயிறு பூசைக்குக் கூட்டிக்கொண்டு வா. நான் ஆளைப் பாக்கவேணும்.”

“ஏலாதம்மா. அவர் செத்து அறுபது வருசம்.”

அனிற்றா போனைத் தட்டினாள். அதே குரல், கரகரப்போடு ஓர் அறுவடைப் பாட்டை இழுத்தது. அந்தக் கிழவரின் பழைய ஒலிப்பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியதுதான் அவளுடைய ஆய்வு.

“இண்டைக்கு முடிவு வந்திட்டுது. பல்கலைக்கழகத்திலை கலாநிதிப் படிப்புக்குச் சம்பளத்தோட எடுத்திருக்கினம். பாருங்கோ.”

விமலராணி போனில் இருந்த தெரிவுப் பட்டியலை இரண்டு தரம் வாசித்தாள். பலெர்மோக்காரர், உரோமைக்காரர் எல்லாருக்கும் மேலே தன் மகளின் பெயர். பல்கனிக் கதவைத் திறந்து, தெருவுக்கே கேட்கக் கத்தினாள்: “என்ர பிள்ளைதான் முதலாவது!”

பிறகு திரும்பி வந்து பேனையை நீட்டினாள்.

“அவற்ர முழுப் பேரை வடிவா எழுதித் தா.”

“ஏனம்மா?”

“ஞாயிற்றுக்கிழமை அவற்ர ஆத்துமாவுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கப்போறன். என்ர பிள்ளையோட ரெண்டு வருசம் மினக்கெட்ட மனுசன்.”