எடை அறைக்குள் வந்தவர்

"அந்த மனுஷர் இன்னைக்கும் என் எடை அறைக்குள்ள போயிட்டு வர்றார் சார். எத்தனை தடவைதான் சொல்றது?"

தலைமை விஞ்ஞானி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். காலையில் இந்தப் பெண் வந்து நின்றாலே அவருக்கு நெற்றிப்பொட்டு விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்துவிடும்.

"யாரும்மா, எதிர் அறைக்காரரா?"

"வேற யாரு? நான் வர்றதுக்கு முன்னாடியே பொதுச் சாவியை எடுத்துத் திறந்து உள்ள போறார். கையைத் துடைச்சுக்கிட்டே வெளிய வர்றார். என்னன்னு கேட்டா, 'சும்மாம்மா'ங்கறார். சும்மா போயிட்டு வர அது என்ன பூங்காவா?"

அவள் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அந்த அறையில் அவள் செய்து எடை போட்டு வைப்பது ஒரு வெள்ளைப் பொடி. பார்த்தால் மாவு மாதிரி இருக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான பொந்துகள். ஹைட்ரஜன் வாயு அந்தப் பொந்துகளில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டியின் டாங்க்கில் இதை நிரப்பிவிட்டால், வாயுவை ரொம்ப அழுத்தித் திணிக்காமலே நிறையச் சேமிக்கலாம்.

எதிர் அறைக்காரர் செய்வதும் அதே வேலைக்கான பொடிதான். பழுப்பு நிறம். பக்குவம் வேறு.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜெயித்த பொடி டாங்க்குக்குள் போகும். தோற்ற பொடியின் அறையை மூடிவிடுவார்கள். அவளுக்கு இரண்டு வருட உழைப்பு. அவருக்கு ஆறு வருடம்.

"அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லையேம்மா."

"போட்டின்னு வர்ற வரைக்கும் யாருமே அப்படிப்பட்ட ஆள் இல்லைதான் சார். எனக்கு வேற பூட்டு வேணும்."

பூட்டு மாறியது. ஒரே சாவி. அதுவும் அவள் கழுத்தில் தொங்கியது.

மறுநாள் காலை எதிர் அறைக்காரர் நடைவழியில் அவளை நிறுத்தினார்.

"ஏம்மா, உன் அறையில அந்த மூலையில..."

"என் அறையில எந்த மூலையில என்ன இருக்குன்னு உங்களுக்கு எதுக்கு சார்?"

"இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை வாயுவை அளக்கிற மெஷின் சொல்லும்."

அவர் தன் அறைக்குத் திரும்பிப் போனார்.

திங்கட்கிழமை சோதனையில் அவள் பொடி கவிழ்ந்தது. போன வாரம் பிடித்த வாயுவில் பாதியைக்கூடப் பிடிக்கவில்லை. புதிதாக ஒன்று செய்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவது அதைவிட மோசம்.

புதன்கிழமை தலைமை விஞ்ஞானியின் அறைக் கதவைத் தட்டக்கூட இல்லை, நேரே உள்ளே நுழைந்தாள்.

"பூட்டைப் போட்டும் கெடுத்துட்டார் சார்!"

"பூட்டின கதவுக்குள்ள எப்படிம்மா போவார்?"

"அதை அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க!"

கூப்பிட்டார். மூன்று பேருமாக எடை அறைக்குப் போனார்கள். அவள் திறந்தாள். உள்ளே காலை வைத்ததும் தலைமை விஞ்ஞானி மூக்கைச் சுருக்கினார்.

"என்னம்மா இது, துவைச்ச துணியைக் காயப் போட்ட அறை மாதிரி இருக்கு? ஈரம் பட்டா பொந்தெல்லாம் இடிஞ்சு போகும், அப்புறம் காயவெச்சாலும் எழுந்திரிக்காதுன்னு எனக்கே பாடம் எடுப்பியே!"

"ஈரத்தை உறிஞ்சத்தான் மெஷின் இருக்கே சார்."

அலமாரிக்குப் பின்னால், மூலையில் அந்த மெஷின் இருந்தது. ஓடவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அடியில் இருந்த வாளி விளிம்புவரை நிரம்பியிருந்தது.

"வாளி நிரம்பினா இது தானா நின்னுடும். தண்ணியைக் கொட்டவே இல்லையா நீ?"

"கொட்டணுமா? குழாய் வழியா வெளிய போயிடும்னுல்ல நினைச்சேன்..."

"குழாயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மழைக்காலத்துல தினம் ஒரு வாளி சேரும். அப்போ ரெண்டு வருஷமா யாரு கொட்டினது?"

அவள் திரும்பினாள். எதிர் அறைக்காரர் குனிந்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் வாளியை உருவி எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தார்.

அவர் திரும்பி வரும்வரை அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்..."

"என் அறை வாளியைக் கொட்டப் போறப்ப இதையும் கொட்டுவேன். இதுல சொல்றதுக்கு என்னம்மா இருக்கு? பூட்டு போட்டப்புறம் சொல்லத்தான் வந்தேன். நீ எங்க விட்டே?"

தலைமை விஞ்ஞானி பெருமூச்சு விட்டார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. இந்த வாரக் கணக்குப்படி பழுப்புப் பொடிதான் முன்னால நிக்குது. நீங்க ஜெயிச்சுட்டீங்க சார்."

"தேதியை ஒரு வாரம் தள்ளி வைங்க. இந்தப் பொண்ணு புதுசா செஞ்சு கொண்டுவரட்டும்."

"உங்களுக்கு என்ன, கிறுக்கா? அவ பழைய பொடி உங்களுதைவிட அதிகம் பிடிச்சது, ஞாபகம் இருக்கா? ஆறு வருஷ உழைப்பு சார்!"

"அதுக்குத்தான் சொல்றேன். இப்ப ஜெயிச்சிருக்கிறது என் பொடி இல்லை சார், தண்ணி."