பத்தாவது காரணம்

"பத்துக் காரணம்னு போட்டிருந்துச்சே, ஒண்ணையும் காணோமே?" என்றாள் வித்யா, செருப்பில் அப்பிய சேற்றை உதறியபடி.

சாமுண்டீஸ்வரி அவர்களைத் தன் வீட்டுக்குள் கூட்டிவந்தாள். தலையில் வித்யாவின் பெட்டி, இடுப்பில் விடியற்காலையில் ஏரிக்குள் கையால் தடவிப் பிடித்த இறால் கூடை. இரண்டையும் இறக்கி வைத்துவிட்டு அவசரமாகப் பாயை உதறிப் போட்டாள்.

பழவேற்காட்டிலிருந்து கூட்டிவந்த படகுக்காரர், படகுத்துறையான வடக்கு ரேவில் தண்ணீர் வற்றிவிட்டது என்று தீவின் தெற்குக் கரையில் இவர்களை இறக்கிவிட்டுப் போயிருந்தார். கரையில் நின்றது சாமுண்டீஸ்வரி ஒருத்திதான். "தங்குற வீடு..." என்று வித்யாவின் கணவன் பிரபாகரன் ஆரம்பித்ததுமே, "வாங்க, வாங்க" என்று பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

முழுப்பரீட்சை லீவுக்கு ஊட்டி கேட்ட மனைவியை, 'குட்டித் தீவில் குடும்பத்தோடு விடுமுறை: பத்துக் காரணங்கள்' என்ற விளம்பரத்தைக் காட்டி மடக்கியிருந்தான் பிரபாகரன். இப்போது அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. ஒரே அறை, ஒரு கயிற்றுக் கட்டில், கடகடக்கும் ஒரு ஃபேன்.

"நாலு மணிப் படகுல திரும்பிடலாங்க" என்றாள் வித்யா.

சாமுண்டீஸ்வரி சட்டென்று வித்யாவின் ஏழு வயது மகள் வைஷ்ணவியின் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. அந்தப் பத்துக் காரணத்துல இன்னா இன்னா போட்டுகீதுன்னு நீ படி. ஒண்ணொண்ணா பாத்துடலாம்."

வைஷ்ணவி, விளம்பரத்தைச் சேமித்து வைத்திருந்த அப்பாவின் போனை வாங்கி, வகுப்பில் படிப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒண்ணு. செல்போன் தொல்லை கிடையாது."

"அது கீது. ஏரி நடுவுல போனாத்தான் டவரு."

"ரெண்டு. துள்ளத் துடிக்க இறால் குழம்பு."

வியாபாரிக்குப் போக வேண்டிய இறால் மொத்தமும் சட்டிக்குப் போனது. பரணிலிருந்து பெயர் வெட்டிய சில்வர் தட்டுகள் இறங்கின. கல்யாணச் சீராக வந்தவை, புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் பெயரே தெரிந்தது.

"எங்களுக்கு முன்னாடி யாரும் வந்ததில்லையா?" வித்யா விடவில்லை.

"நீங்கதான் மொதல்ல."

"வீட்டுல வேற யாரு?"

"அவரு போயி ஏழு வருசம் ஆவுது. புள்ளைங்க இல்ல. அதான் எடம் நெறைய கீது."

வித்யா அடுத்த கேள்வியைச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். குழம்பை மட்டும் இரண்டாவது முறை கேட்டு வாங்கினாள்.

"மூணு. மர நிழலில் ஊஞ்சல்" என்று படித்த வைஷ்ணவி வெளியே எட்டிப் பார்த்தாள். "ஊஞ்சல் எங்க, ஆயா? காணோமே!"

ஆயா என்று அந்த வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. சாமுண்டீஸ்வரி கொடியில் காய்ந்த புடவையை உருவினாள். பூவரச மரத்துக் கிளையில் முறுக்கிக் கட்டி, தானே ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதோ ஊஞ்சலு" என்றாள்.

நாலு மணிக்குப் படகுச் சத்தம் கேட்டது. தட்டு கழுவிக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஊஞ்சலில் இப்போது இருந்தது குழந்தை அல்ல, வித்யா.

"நாளைக்குப் போலாங்க" என்றாள் அவள், காலை உந்தியபடி.

கழுவிய தட்டையே சாமுண்டீஸ்வரி மறுபடி கழுவினாள். 

சாயங்காலம் முட்டியளவு தண்ணீரில் நடத்திக்கொண்டு போய், வடக்கே பறக்காமல் மிச்சமிருந்த பூநாரைகளைக் காட்டினாள். சேற்றுக்குள் கைவிட்டு இறால் தடவச் சொல்லிக்கொடுத்தாள். வைஷ்ணவி பிடித்த ஒரே இறாலுக்கு வீட்டில் தனிச் சட்டி வைத்துப் பொரித்தாள். பத்தாவது காரணத்தைப் படிக்குமுன் குழந்தை அவள் மடியிலேயே தூங்கிப்போனது. கால் மரத்துப்போயும் அவள் அசையவில்லை.

மறுநாள் காலைப் படகுக்கு அவளே பெட்டியைத் தூக்கி வந்தாள். பிரபாகரன் பர்ஸை எடுத்தான்.

"எவ்ளோம்மா ஆச்சு?"

"அட்த்த லீவுக்கு வரசொல்லோ பாத்துக்கலாம்" என்றாள். பிறகு குழந்தையிடம் குனிந்து, "வருவீங்க இல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வருவோம் ஆயா!"

படகு நகர்ந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றபடியே அவள் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆள் சிறுத்துப் புள்ளியான பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.

"பத்தாவது என்ன தெரியுமா?" போனைப் பார்த்துச் சிரித்தாள் வித்யா. "'சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.' மத்ததெல்லாம் முன்னப்பின்ன இருந்தாலும் இது நெசம். அஞ்சு ஸ்டார் போடுங்க, பாவம், நாலு பேர் வரட்டும்."

ஏரி நடுவில் டவர் வந்தது. பிரபாகரன் ஸ்டாரைத் தொடப் போகையில் போன் அலறியது.

"சார், ஹோம்ஸ்டே விஜயராகவன் பேசறேன், நேத்துலேர்ந்து வடக்கு ரேவுல காத்துனு இருக்கோம், நீங்க வரவேயில்லையே சார்?"