கோணிப்போன சைலன்சர்

“ஒரு பைப்பை ஒழுங்கா மாட்டத் தெரியலைன்னா எதுக்குங்க பாய் பட்டறை வெச்சிருக்கீங்க?”

சத்தி ரோட்டில் இருக்கும் அஃப்தாப்பின் பட்டறை மொத்தமும் ஒரு நிமிஷம் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. கத்தியது ரங்கநாயகி அம்மாள். வயசு அறுபது, குரலுக்கு மட்டும் இருபது. பக்கத்தில் மருமகள் சைத்ரா, கைப்பையைக் கெட்டியாகப் பிடித்தபடி தலை குனிந்து நின்றிருந்தாள்.

தன் வண்டிக்குப் புது சைலன்சர் மாட்ட வந்து பெஞ்சில் காத்திருந்த அங்கப்பன், பேப்பரை மடித்து வைத்தார். ஓசியில் சண்டை கிடைக்கும்போது பேப்பர் எதற்கு?

“மாட்டி ஒரு மாசம் ஆகலை. வால் பக்கம் கோணிக்கிட்டு நிக்குது. பள்ளத்துல எறங்குனா டங்கு டங்குன்னு அடியில மோதுது. ரோட்டுல போறவங்க எல்லாம் எங்க காரைத்தான் பாக்கறாங்க!”

“பாய், உண்மையைச் சொல்லுங்க” என்றாள் சைத்ரா மெதுவாக. “நான் எங்கயாச்சும் இடிச்சுட்டனாங்க? அப்படின்னா இனி நான் வண்டியத் தொடலைங்க. அன்னூர் பேங்க் வேலைக்குப் பழையபடி பஸ்ஸுலயே போய்க்கறேன். எனக்கு இதெல்லாம் வராதுங்க.”

“நீ சும்மா இரு!” என்றார் மாமியார்.

சைத்ரா லைசென்ஸ் வாங்கி இரண்டு மாசம்தானாம். நேற்றே சாவியை மாமியாரிடம் கொடுத்துவிட்டாளாம். இன்றைக்கு வண்டியை ஓட்டி வந்ததே ஒரு ஆக்டிங் டிரைவர்தான். அங்கப்பனுக்குப் பாவமாக இருந்தது. இப்படி ஒரு மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாருக்குத்தான் வண்டி ஓட்ட வரும்?

அஃப்தாப் வண்டியை லிப்டில் ஏற்றினார்.

அவர் பெயர் சும்மா வந்ததல்ல. வெளியில் வாங்கின பைப் எதுவானாலும், அவர் மாட்டினால் வண்டியோடு பிறந்தது போல உட்கார்ந்துவிடும். “என் கை பட்ட பைப் ஆடாதுங்க” என்பார். கொஞ்சம் தலைக்கனம்தான். வேலை தெரிந்தவனுக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கை எப்படித் தப்புப் பண்ணியது என்று பார்க்க அங்கப்பனும் எழுந்து போய் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். பைப்பின் முனையில் புதுச் சிராய்ப்பு. கருங்கல் உரசின வெள்ளைக் கோடு. ரிவர்ஸ் எடுக்கும்போது கல்லில் ஏற்றியிருக்கிறார்கள். சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

“ஏனுங்க பாய், இது கல்லுல...”

அஃப்தாப் அவர் காலை ஒரு மிதி மிதித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“என் தப்புங்கம்மா. கிளாம்ப்பை எல்லாம் பின்னாடி இருந்து முறுக்கிப்போட்டேன். முன்னாடி ஜாயின்ட் சரியா உக்காரலைங்க. அதான் போகப் போக இழுத்துக்கிச்சு. அம்மணி, உங்க டிரைவிங்குல ஒண்ணும் இல்லைங்க.”

“நிஜமாவாங்க?”

“முப்பது வருஷமா இதே வேலைங்க. என் தப்பு எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?”

ரங்கநாயகி அம்மாள் விடவில்லை. முப்பது வருஷத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு சுற்றுத் திட்டினார். அஃப்தாப் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் போனார்.

எல்லா கிளாம்ப்பையும் தளர்த்தினார். பைப்பை ரப்பர்களில் தொங்கவிட்டு, இஞ்சின் பக்கத்து ஜாயின்ட்டை முதலில் உட்காரவைத்தார். வண்டியின் அடித்தகட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் விரல் போகிறதா என்று தடவிப் பார்த்தார். முன்னாலிருந்து ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டே பின்னால் வந்தார். ஸ்டார்ட் செய்தபோது வண்டி முனகக்கூட இல்லை.

“நானே ஓட்டறேன் அத்தை” என்று சைத்ரா கை நீட்டினாள்.

“ஓட்டு, ஓட்டு. பேச்சுக் கொடுக்காம ரோட்டப் பாரு” என்று சாவியைக் கொடுத்தார் ரங்கநாயகி அம்மாள். ஆக்டிங் டிரைவர் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். சைத்ரா நிதானமாக ரிவர்ஸ் எடுத்து, இண்டிகேட்டர் போட்டு, ரோட்டில் கலந்தாள்.

அங்கப்பன் ஓடி வந்து அஃப்தாப்பின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பெரிய மனசுங்க பாய் உங்களுக்கு! பேரு கெட்டாலும் பரவால்லைன்னு அந்தப் புள்ளையக் காப்பாத்திப்போட்டீங்க. நெசம் தெரிஞ்சிருந்தா அந்த மாமியாக்காரி சும்மா உட்டிருக்குமா?”

“எனக்காங்ணா பெரிய மனசு?” அஃப்தாப் சிரித்தார். “என் வேலையில தப்புன்னு ஒத்துக்க எனக்கென்ன கிறுக்கா? முடியவே முடியாதுன்னு காலையில போன்லயே சண்டை போட்டேன்.”

“யாருகூடங்க?”

“அந்தம்மாகூடத்தான். ‘மருமக ரிவர்ஸ்ல கேட் ஓரத்துக் கல்லுல ஏத்தினத மாடியில இருந்து நான் பாத்துட்டேன் பாய். அவளுக்குத் தெரிய வேண்டாம். தப்பு உங்க மேலன்னு சொல்லுங்க. நான் எவ்வளவு திட்டுனாலும் பொறுத்துக்குங்க’ன்னாங்க.”

அங்கப்பன் பிடித்திருந்த கையை விட்டார்.

“ஒரு பைப்புக்கு எதுக்குங்கம்மா இவ்வளவு நாடகம்னு கேட்டேன். ‘கல்யாணமான புதுசுல நானும் கார் ஓட்டுனவதானுங்க. ஒரு நாள் செவுத்துல இடிச்சுப்போட்டேன். உன்ர தப்பில்லைன்னு ஒரு பொய் சொல்ல அன்னைக்கு ஊட்டுல ஒருத்தரும் இல்லைங்க’ன்னாங்க.”