உப்பு வண்டி எங்கே போனது?

"நீ நாவலையும் படிக்கல, படத்தையும் பார்க்கல," என்றார் முரளிதரன் சார், கட்டுரையை மேஜை மேல் போட்டு.

சித்தூரில் ஒரு கல்லூரியின் தமிழ்த் துறை அது. துறை என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு அறை, ஒரு பீரோ, முரளிதரன் சார், அவ்வளவுதான். எதிரே நின்றவள் சுஷ்மிதா. வெதுருகுப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற மூன்றாம் வருஷ மாணவி.

வெள்ளிக்கிழமை திருப்பதியில் 'நாவலும் திரைப்படமும்' என்று ஒரு கருத்தரங்கு. கல்லூரிக்கு ஒரே கட்டுரைதான். அங்கே பரிசு வாங்கினால் எம்.ஏ. சீட்டுக்குக் கை கொடுக்கும் என்று எல்லோரும் சொன்னதால், சுஷ்மிதா 'உப்பு வண்டி' என்ற நாவலையும் அதன் படத்தையும் எடுத்துக்கொண்டு பதினான்கு பக்கம் எழுதியிருந்தாள். சார் கையெழுத்துப் போட்டால்தான் அது திருப்பதிக்குப் போகும்.

சாரோ கட்டுரையைச் சிவப்பு மையில் குளிப்பாட்டியிருந்தார். பாதித் திருத்தம் நியாயமானது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சுற்றி வளைத்த வாக்கியங்களை வெட்டியிருந்தார், சொன்னதையே சொன்ன இடங்களை அடித்திருந்தார். தகராறு கடைசிப் பக்கத்தில்.

நாவலின் முடிவில் நாயகி மரகதம் புருஷனிடம் திரும்பாமல் உப்பு வண்டியைத் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறாள்; படத்தில் வெள்ளத்தில் செத்துப்போகிறாள். அவளை உயிரோடு தனியாக அனுப்பப் படத்துக்கு ஏன் தைரியம் வரவில்லை என்று சுஷ்மிதா கேட்டிருந்தாள். கட்டுரையின் உயிரே அந்தக் கேள்விதான். சார் அதைக் குறுக்கே அடித்துவிட்டு, 'இரண்டிலும் கணவனும் மனைவியும் ஒன்று சேர்கிறார்கள்' என்று எழுதியிருந்தார்.

"நிஜம் செப்பு. நெட்ல பார்த்துத்தானே எழுதின?"

"இல்ல சார். தமிழ்ப் படத்துல அவ செத்துதான் போறா."

சார் சிரித்தார். இதே சித்தூரில், காலேஜில் படிக்கும்போது, தியேட்டரில் மூன்று தடவை பார்த்த படமாம். கோயில் வாசலில் மரகதத்துக்குப் புருஷன் பூ வைத்துவிடுகிற கடைசிக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறதாம்.

"அது தெலுங்கு பிரிண்ட் சார். எங்க நைனாதான் அந்தத் தியேட்டர்ல ஆபரேட்டர். ஹீரோயின் செத்தா இங்க ஓடாதுன்னு, கடைசி ரீலை மட்டும் வேற எடுத்து ஒட்டி அனுப்பிச்சாங்களாம். இன்னிக்கும் சொல்லிக்கினே இருப்பாரு."

சார் பேனா மூடியைத் திருகினார். இருபத்தைந்து வருஷம் பாடம் எடுத்தவர் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பாரா?

"சரி, படம் போகட்டும். நாவல்? பதினோரு வருஷம் அந்தப் புத்தகம் என் வீட்டுலதான் இருந்தது. வரி வரியாப் படிச்சிருக்கேன். லைப்ரரியில ஸ்டாக் எடுக்கறாங்கன்னு போன மாசம்தான் திருப்பிக் கொடுத்தேன். எனக்கே கதை சொல்றியா?"

சுஷ்மிதா பையிலிருந்து அதே புத்தகத்தை எடுத்து வைத்தாள். நாற்பத்தொன்பதாம் பக்கத்திலிருந்து கடைசி வரை ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக இருந்தது.

சாருக்கு நியாயமான கோபம் வந்தது. லைப்ரரி புத்தகத்தை வைத்திருக்கிற லட்சணமா இது, லைப்ரரியன் நீரஜா மேடம் இதைப் பார்த்துவிட்டு உன்னைச் சும்மாவா விட்டார்கள் என்று கேட்டார்.

"விடல சார். வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் இதைக் குடுத்துடணும், பரீட்சை வரைக்கும் வேற புக்கே கிடையாதுன்னு சொல்லிட்டாங்க."

"அப்படி என்னதான் பண்ணின?"

சுஷ்மிதா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாப்பத்தொம்போதாம் பக்கத்துக்கு மேல யாருமே பிரிக்கல சார். பிரஸ்ல வெட்டாம விட்டுட்டாங்க போல. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தே இருந்துச்சு. பிளேடு வெச்சிப் பிரிச்சித்தான் படிச்சேன்."

சார் புத்தகத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு கட்டுரையை இழுத்து, தான் எழுதிய சிவப்பு வரியைத் தானே அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். அதுவரை கேட்கத் தைரியம் வராததை அப்புறம்தான் கேட்டார்.

"இது மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். ரெஜிஸ்டர்ல பதினோரு வருஷமா உங்க பேர்தானே இருக்குது. அதான், நான்தான் கோந்து கொட்டிட்டேன், பக்கமெல்லாம் ஒட்டிக்கிச்சுன்னு சொல்லிட்டேன்."