ரெண்டு மணி நேரம்தானே

சயான் சிக்னலில் டாக்சி அசையாமல் நிற்கிறது, கண்ணுகளா. பின்சீட்டில் தாராவி சாயிரா. விடியலில் காயல்பட்டினத்தில் அவளுடைய உம்மா மௌத்தாகிவிட்டாள். காலை வெயில் முன்கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது, சுற்றிலும் ஹாரன். மடியில் கிடக்கிற போனில், அவள் காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன் ஷாகுல் ஹமீது பேசுகிறார். "மத்தியானம் லுஹர் தொழுகையோட அடக்கம்னு பள்ளிவாசல்ல சொல்லியாச்சும்மா. மதுரைக்குப் பிளேன்ல ரெண்டு மணி நேரம்தானே?" "பிளேன் நம்ம வீட்டு முத்தத்துலயா இறங்கும், காக்கா? மதுரையிலேருந்து காயலுக்கு ரோட்டுல உங்க மாமனாரா தூக்கிட்டு வருவாரு?" துப்பட்டாவின் முனையை விரலில் சுற்றி இறுக்குகிறாள், விரல் நுனி வெளுக்கிறது. "மய்யத்தை ரொம்ப நேரம் வச்சிருக்கக் கூடாதும்மா." "வாப்பா மௌத்துக்குத் தம்பி வாசிம் துபாயிலேருந்து வார வரைக்கும் வச்சிருந்தீங்கல்ல? ஆம்பளப் புள்ளைக்குன்னா வைக்கலாம், எனக்குன்னா கூடாதா? நான் உம்மா முகத்தப் பாக்காம மண்ணு போட்டீங்கன்னா, அதோட எனக்குக் காக்காவே கிடையாது." டிரைவர் கண்ணாடி வழியாக அவளையே பார்க்கிறான். கடைசியில், "சாயந்தரம் அசருக்கு மாத்தச் சொல்லுறேன். வா" என்கிறது அண்ணன் குரல். சாயிரா போனை அணைக்கிறாள். பச்சை விழுகிறது. முன்னால் ஒரு வண்டியும் நகரவில்லை. "சலோ பையா, சலோ!" என்று டிரைவரை விரட்டி, முன்சீட்டை உள்ளங்கையால் அறைகிறாள்.