வரி விலக்கு வேண்டாம்

"வரி விலக்கு வேண்டாமாம்மா. முழு வரியும் சேர்த்தே பில் போடு."

முதலாளி சொன்னதைக் கேட்டதும் பில் போடுகிறவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

வேண்டாம் என்றவர் அவளுடைய பக்கத்து நிலத்துக்காரர். ஒரு போல்ட் வாங்கினால் வாஷரை இனாமாகக் கேட்கிற மனுஷன். அவர் வாயிலிருந்தா இப்படி ஒரு வார்த்தை?

இரண்டு வீட்டுக்கும் ஏழு வருஷமாகப் பேச்சு கிடையாது. எல்லையில் நின்ற ஒரு மரம் யாருக்குச் சொந்தம் என்று தகராறு ஆரம்பித்தது. கோர்ட்டு வரைக்கும் போனார்கள். தீர்ப்பு வருவதற்குள் மரம் காற்றில் சாய்ந்துவிட்டது. சண்டை மட்டும் சாயவில்லை. அதுவரை வாய் நிறைய 'மாமா' என்று கூப்பிட்டவள், அவர் எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

விவசாயக் கருவிகள் விற்கிற கடை அந்த வட்டாரத்திலேயே இது ஒன்றுதான். அதனால் உழவு வண்டி வாங்க இங்கே வந்திருக்கிறார். கவுன்ட்டரில் அவளைப் பார்த்ததும், உள்ளே இருந்த முதலாளியைக் கூட்டிவந்து நடுவில் நிறுத்திக்கொண்டார்.

"பவர் டில்லருக்கு விவசாயிங்க வரி கட்ட வேண்டியதில்லைன்னு சொல்லுங்கண்ணே. இந்தப் படிவத்துல ஒரு கையெழுத்து போட்டா போதும்," என்றாள் அவள், முதலாளியின் முகத்தைப் பார்த்து.

"அதெல்லாம் எனக்கும் தெரியும்னு சொல்லுங்க," என்றார் அவர், முதலாளியின் சட்டைப் பித்தானைப் பார்த்து.

இரண்டு பேருக்கும் இடையில் இரண்டடி தூரம்கூட இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி முதலாளிக்குக் கழுத்துதான் வலித்தது.

"ஐயா, பன்னிரண்டு சதவீதம்! சும்மா கிடைக்கிறதை ஏன் விடறீங்க? இதுல ஒண்ணும் பெருசா இல்ல. 'இந்த இயந்திரத்தை என் சொந்த நிலத்தில் மட்டுமே ஓட்டுவேன். வேறெங்கும் பயன்படுத்த மாட்டேன்.' அவ்வளவுதான். எல்லாரும் படிச்சுக்கூடப் பாக்காம போட்டுட்டுப் போறாங்க," என்றார் முதலாளி.

"எல்லாரும் போடட்டும். நான் அப்படி எழுதிக் குடுக்க முடியாது."

அவளுக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துபோனது. சொந்த நிலத்தில் மட்டும் ஓட்டுகிற எண்ணம் இல்லை. அப்படியானால் வாடகைக்கு விடப் போகிறார்!

விடமாட்டாரா பின்னே? இது உழவு நேரம். எங்கே கேட்டாலும் வண்டி இல்லை. கேட்ட கூலியைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

அவள் புருஷன் கூரையிலிருந்து விழுந்து, காலில் கட்டோடு படுத்து மூன்று வாரம் ஆகிறது. விதை மூட்டை வீட்டுக்குள் கிடக்கிறது. நிலம் கட்டாந்தரையாகக் கிடக்கிறது. இந்த வாரத்துக்குள் உழுது விதைக்காவிட்டால் இந்த வருஷ வெள்ளாமை அவ்வளவுதான். வண்டி வைத்திருக்கிற எல்லாரிடமும் கேட்டாயிற்று. அடுத்த மாசம் பார்க்கலாம் என்று எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள்.

நேற்று சாயங்காலம் அவளே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். அப்போது இந்த மனுஷன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். 'நல்லா வேணும்' என்று நினைத்திருப்பார். விடிந்ததும் வண்டி வாங்க ஓடிவந்துவிட்டார்!

அவளால் அடக்க முடியவில்லை.

"வாடகைக்கு விடறதா இருந்தா அதை வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கண்ணே! வண்டி கிடைக்காம தவிக்கிறவங்ககிட்ட மணிக்கு இவ்வளவுன்னு கறக்கத்தானே இவ்வளவு அவசரம்? நல்லா சம்பாதிக்கட்டும்!"

"ஏம்மா, வாங்க வந்தவரும்மா..." என்று முதலாளி பதறினார். "நீங்க மனசுல வச்சுக்காதீங்கய்யா. அவங்க வீட்டுல கொஞ்சம் கஷ்டம்."

அவர் முகம் கறுத்துப்போனது. பணத்தை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தார். அவள் வரியைச் சேர்த்துத் தட்டினாள். வெற்றுப் படிவத்தைக் கசக்கிக் கூடையில் எறிந்தாள். கொப்பளித்த கை சுரீரென்றது. பில்லை முதலாளியிடம் கொடுத்தாள். முதலாளி அவரிடம் கொடுத்தார்.

"வண்டியை எப்ப அனுப்பட்டுங்கய்யா?"

"இன்னைக்கே. மத்தியானத்துக்குள்ள வந்து சேரணும்."

"அப்படி என்னங்க அவசரம்?"

"இருக்கு."

பில்லை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். போய்த் தொலையவில்லையே என்று அவள் கீபோர்டையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் திரும்பி வந்து, முதலாளியைத் தாண்டி, கவுன்ட்டருக்கு நேர் எதிரே நின்றார்.

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நாளைக்கு உன் நிலத்தைத்தாம்மா முதல்ல உழப்போறேன். என் நிலத்துல மட்டும்தான் ஓட்டுவேன்னு நான் எப்படிம்மா பொய்க் கையெழுத்துப் போடுவேன்?"