தாழ்ப்பாள் மோட்டார்

"ஐயோ, கரன்ட் இருக்கும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்காதீங்க! டிரைவர் செத்துடும்!"

ருமியானா போட்ட கூச்சலில் பக்கத்து மேஜைக்காரர் பீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். பல்கேரியாவின் வார்னா கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. எதிரே அவள் கணவன் பெத்கோ, பொரித்த பொடிமீனைத் தலையோடு மென்றுகொண்டிருந்தான்.

"டிரைவரா?" என்று போனில் ஓர் ஆண் குரல் பதறியது. "இங்க நான் மட்டும்தான் மேடம் இருக்கேன்!"

"டிரைவர்னா ஆள் இல்ல தம்பி. மோட்டாருக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவுல தீப்பெட்டியைவிடச் சின்னதா ஒரு போர்டு இருக்கே, அதுதான். பதறாம முதல்லேர்ந்து சொல்லுங்க."

"வாசக் கதவுத் தாழ்ப்பாள் மேடம். உள்ள வந்து கதவைச் சாத்தினேன். மோட்டார் கிர்ர்னு உதறுது. தாழ்ப்பாள் பாதி வந்து நின்னுடுச்சு. இப்படியும் போகல, அப்படியும் போகல. பெட்டி மேல இந்த நம்பர் ஒட்டியிருந்துச்சு, அதான் அடிச்சேன்."

"சாம்பல் கலர் பெட்டியா? மஞ்சள் ஸ்டிக்கரா?"

"அதேதான்!"

"யாரு வீடு?"

"என் வீடுதான் மேடம். பின்ன அடுத்தவங்க வீட்டுலயா போய் மாட்டிக்குவேன்?"

"உனக்குச் சாப்பாட்டு நேரத்துலதான் மோட்டார் ஓடும்" என்று பெத்கோ முணுமுணுத்தான். ருமியானா போனைப் பொத்திக்கொண்டு அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் வாயில் இருந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, தன் போனோடு எழுந்து வெளியே போனான்.

"கம்பி இருக்கு. நெம்பிடவா?" என்றது போன் குரல்.

"வேணாம்! சத்தம் கேட்டா அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?"

"அதுவும் சரிதான்." குரல் சட்டென்று தணிந்தது. "சீக்கிரம் சொல்லுங்கக்கா. வீட்டுக்காரி வர்றதுக்குள்ள முடிச்சாகணும். பேசாம கன்ட்ரோலர்லயே மோட்டாரை நேரா சொருகிடட்டா?"

"சொருகினா புகைதான் வரும். அது உத்தரவு மட்டும் போடும். மோட்டாரை இழுக்கற தெம்பு அதுக்கு ஏது?"

"எங்க முதலாளி மாதிரின்னு சொல்லுங்க."

"மோட்டாருக்கு ஒண்ணு, கன்ட்ரோலருக்கு ஒண்ணுன்னு ரெண்டு பேட்டரி இருக்கும். முதல்ல ரெண்டையும் கழட்டுங்க. உதறல் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"ரெண்டு பேட்டரியோட கறுப்பு ஒயரும் ஒண்ணா சேர்ந்திருக்கா?"

"கெட்டியா சேர்ந்திருக்கு."

"சரி. இது ஸ்டெப்பர் மோட்டார் தம்பி. அடி அடியா எடுத்துவெச்சுத்தான் நகரும். ஒயர் முறை மாறினா கால் பின்னிக்கிட்டு நின்ன இடத்துலயே ஆடும். மோட்டார்லேர்ந்து வர்ற நாலு ஒயர்ல நடு ரெண்டையும் இடம் மாத்துங்க."

"மாத்திட்டேன்."

"அதுக்குள்ளயா?"

"பூட்டு வேலை பழக்கம்க்கா. வீடு வீடா போவேன்."

"நல்ல கை! டிரைவர் மேல ஒரு குட்டித் திருகு இருக்கும். கரன்டைக் கூட்டிக் குறைக்கறது அது. இடது பக்கமா எறும்பு நகர்ற அளவு திருப்புங்க. ஜாஸ்தி வெச்சா மோட்டார் தோசைக்கல் ஆயிடும்."

"திருப்பியாச்சு."

"இப்ப பேட்டரியை மாட்டிட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்குங்க."

ருமியானா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். போனுக்குள் உதறல் கேட்கவில்லை. தையல் மெஷின் ஓடுவதுபோல் சீரான சத்தம். கடைசியில் கனமாக ஒரு 'டக்'.

"ஓடிடுச்சுக்கா!" குரல் குதித்தது. "என் கையாலயே ஓட வெச்சுட்டேன்!"

"நிஜமாவா? கொஞ்சம்கூட உதறலையா? தொட்டுப் பாருங்க, சுடுதா?"

"ஜில்லுனு இருக்குக்கா!"

ருமியானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றி தம்பி" என்றாள்.

"நீங்க எதுக்குக்கா எனக்கு நன்றி சொல்றீங்க? நான்தான்... இருங்க. தாழ்ப்பாள் திறக்கலையே! முழுசா உள்ள போய்ப் பூட்டிக்கிச்சே!"

பெத்கோ திரும்பி வந்து உட்கார்ந்து, ஆறிப்போன மீனை எடுத்தான். "கீழ வந்துட்டாங்களாம்" என்றான்.

"பூட்டறதுக்குத்தானே தம்பி அதைச் செஞ்சேன்? வெளியேர்ந்து திறக்கற ரகசிய நம்பரைப் படியேறிட்டிருக்கற போலீஸ்காரங்ககிட்டச் சொல்லியாச்சு" என்றாள் ருமியானா. "நான் இதுவரைக்கும் செஞ்சது ஒரே ஒரு பெட்டிதான், அது எங்க வீட்டு வாசக் கதவுல மாட்டியிருக்கு."